நாற்பது பேருக்கான அடுப்பு

எழிலரசன் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் அந்தச் சமையற்கட்டு எட்டடிக்கு ஆறடி. கோதண்டம் மேஸ்திரி தோண்டி வைத்திருந்த கடைக்காலோ பதினாறுக்குப் பத்து.

காலை ஷிப்ட் முடித்து வந்தவன், சைக்கிளைப் பிடித்தபடியே தோட்டத்தில் நின்று பார்த்தான். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலால் அடி அடியாக அளந்தான். கண் ஏமாற்றவில்லை. பதினாறுதான்.

மேஸ்திரி முருங்கை நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, நான் குடுத்த பிளான் எங்க?"

"பத்திரமா கீது தம்பி." சட்டைப்பையில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். கட்டம் போட்ட தாள். உள்ளே சுண்ணாம்பு மடித்திருந்தது.

"அதுல எட்டடின்னு எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. உங்கம்மா, யக்காதான் அகலமா எடுன்னு சொல்லிச்சு. கோடு உங்களுது, வூடு அவங்களுது. நான் யார் பேச்சக் கேக்கறது?"

"எங்க வீட்டுல இருக்கிறது ரெண்டு பேர்."

"அத என்னான்ட ஏன் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வேறு பக்கம் திரும்பித் துப்பினார். அந்தத் திரும்பலில் ஏதோ இருந்தது. கேள்வி கேட்டவன் முகத்தைப் பார்க்க விரும்பாத ஆளின் திரும்பல் அது. கம்பெனியில் இதை அவன் தினமும் பார்க்கிறான்.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வாகனங்களுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் தரம் பார்ப்பவன். பி.எஸ்சி. படித்துவிட்டுச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு பொருள் வரைபடத்தில் உள்ள அளவில் வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மெஷின் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஆள் பொய் சொல்லியிருப்பான். எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.

இந்தச் சமையற்கட்டு விஷயமே ஆடி மாதத்தில் அம்மா கிளப்பியது. சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீடு ஓடு போட்ட பழைய வீடு. உள்ளே அடுப்பு. புகை போக வழியில்லை. "கண்ணு கரிக்குதுடா. தோட்டத்துல ஒரு அடுப்பங்கர கட்டிக் குடு" என்றாள் காந்திமதி. காஸுக்குப் பதிந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் பெயர் வரவில்லை. கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போவதற்கு முன்னால் அவளுக்கு இதையாவது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

ஆமாம், அவன் போகிறான். ஓசூரில் கம்பெனி திறந்த புதுக் கிளைக்கு ஆள் கேட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் கையைத் தூக்கினான். அக்டோபர் ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும். இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அழுகையை உட்கார்ந்து கேட்க வேண்டும். மாதம் பிறந்தால் மணியார்டர் அனுப்பலாம் என்பது வரைக்கும் யோசித்திருந்தான். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அவன் மனைவி மதிவதனி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை, குழந்தையும் இல்லை. அவன் அழவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. உண்மைதான். சாப்பிட்டான், ஷிப்டுக்குப் போனான், ஓ.டி. கொடுத்தால் பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறினால் பேச்சு தணிந்தது. ஓசூரில் யாருக்கும் அவனைத் தெரியாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். இங்கிருந்து யாரும் எதையும் எடுத்துக் கழுத்தில் கட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஏனென்றால் கட்டுவதற்கு ஆட்கள் தயாராகத்தான் இருந்தார்கள். வைகாசியில் படப்பையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட மாமா சுப்பராயன் சாப்பிட்டு எழுந்ததும், அவன் காதுபடவே அம்மாவிடம் சொன்னார்: "வருஷம் திரும்பறதுக்குள்ள முடிச்சா முடிக்கணும் காந்தி. இல்லன்னா மூணு வருஷம் தள்ளிப் பூடும். வாலாஜாபாத்துல சின்னது ஒண்ணு கீதே, வெளியில ஏன் தேடணும்?"

வாலாஜாபாத் என்றால் மதிவதனியின் வீடு. சின்னது என்றால் அவள் தங்கை மரகதம். அக்காள் போனால் தங்கையைக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் புதிது இல்லை. அம்மா அன்று பதில் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனை உறுத்தியது.

கடைக்காலைப் பார்த்த அன்று சாயங்காலம் பதினாறடியைப் பற்றி அம்மாவிடம் கேட்டான்.

"கட்டறது கட்டறோம். கொஞ்சம் விசாலமா இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

"கொஞ்சமா? மூணு மடங்கு."

"வெறவு வைக்க எடம் வேணாமா? மழையில நனையுதே."

"செங்கல் யார் தர்றது இவ்வளவுக்கு?"

அவள் முறத்தில் அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "உங்க மாமனாரு சூளையில இருந்து அனுப்பறேன்னாரு."

எழிலரசன் அதற்கு மேல் கேட்கவில்லை. மாமனார் தாண்டவராயனுக்கு வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரைப் பக்கம் செங்கல் சூளை. மகள் செத்த வீட்டுக்கு எந்த அப்பன் லோடு லோடாகச் செங்கல் அனுப்புவான்? மகள் வரப்போகிற வீட்டுக்கு அனுப்புவான். அதற்குப் பெயர் சீர்.

மறுவாரம் சுவர் இடுப்பு வரைக்கும் எழும்பியது. அதற்கு மேல் சவுக்குக் கம்பு நட்டுத் திறந்தபடி விட்டு, கூரைக்கு சிமெண்ட் ஷீட். அதெல்லாம் சரி. உள்ளே மேஸ்திரி கட்ட ஆரம்பித்திருந்த அடுப்புதான் சரியில்லை. தரையோடு தரையாக நீளமாக மூன்று வாய். எழிலரசன் டேப்பை எடுத்து வந்து அளந்தான். நடு வாய் இருபத்திரண்டு அங்குலம். பக்கத்தில் இரண்டு பதினெட்டு.

"மேஸ்திரி, இது கோட்டை அடுப்பு."

"கோட்டை அடுப்பு மாதிரி."

"கல்யாண வீட்டுலதான் இப்படிப் போடுவாங்க."

"காதுகுத்துக்கும் போடுவாங்க தம்பி" என்றார் மேஸ்திரி. "வளைகாப்பு, கெடா வெட்டு. உங்க கம்பெனில எல்லாத்தையும் இப்பிடித்தான் டேப் வச்சிப் பாப்பீங்களா? சோறு வெந்துச்சான்னு பாக்கறதுக்கும் ஏதாச்சும் கருவி கீதா?"

"பேச்ச மாத்தாதீங்க. எதுக்கு இது?"

"யக்காவக் கேளுங்க. எனக்குச் சொன்னது மூணு வாய், கஞ்சி வடிக்க ஒரு மேடை, தண்ணி போக ஒரு கால்வாய். ஆவணி இருவத்தெட்டுக்குள்ள முடிச்சிடணும். அவ்ளோதான்."

இருபத்தெட்டு. அவன் உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினான். ஆவணி இருபத்தெட்டின் தாள் மட்டும் மூலையில் மடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை. வளர்பிறை.

கூட்டிப் பார்க்கச் சிரமம் இல்லை. இரண்டாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க மாட்டார்கள். பத்திரிகை அடிக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் பந்தல், தோட்டத்தில் சமையல், இரண்டு பக்கமும் நெருங்கின சனம் மட்டும். கடைசி நாள் காலையில் அவனை உட்காரவைத்துச் சொல்வார்கள். எல்லாரும் வந்திருப்பார்கள், இலை போட்டிருக்கும், அந்தப் பெண் கூரைப்புடவையில் நிற்கும். அப்போது முடியாது என்று எழுந்து போக எத்தனை பேருக்கு நெஞ்சு இருக்கும்? அவனுக்கு இல்லை. மதிவதனியைப் பெண் பார்க்கப் போனபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அது நல்லபடி அமைந்தது வேறு விஷயம்.

அடுத்த தடயம் மறுநாளே கிடைத்தது. வீட்டு முன்னால் மண்ணில் மோட்டார் பைக்கின் தடம். கனமான வண்டி. வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருந்தது.

"யாரும்மா வந்தது?"

"போலீசு" என்றாள் அம்மா, யோசிக்காமல். "வாடகைக்கு யாராச்சும் வெளியூர் ஆளு கீறாங்களான்னு கேட்டுக்கினு போனாங்க."

நம்பத்தகுந்த பதில். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மே மாதத்திலிருந்து அந்த வட்டாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. புது முகம் ஒன்று டீக்கடையில் உட்கார்ந்தால் கூட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனி பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். ஆனால் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயாராக இருந்தால் எழிலரசன் அந்தப் பொருளைத் தனியாக எடுத்து வைப்பான்.

"சரி" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் போனான். மீனம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் எரு தட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எங்க வீட்டுக்கு போலீஸ் வந்துச்சா?"

"போலீசா?" அவள் நிமிர்ந்தாள். "எந்த ஊர்ல போலீசு வெள்ளச் சட்டை போட்டுக்கினு, தட்டுல வெத்தல பாக்கு வாங்கிக்கினு போவுது?"

"வெத்தல பாக்கா?"

"உங்கம்மாதான் குடுத்துச்சு. நான் இங்க இருந்து பாத்தேன். ரெண்டு கையால வாங்கிக்கினான். நல்லா பேசற ஆளு. சிரிச்சிக்கினே பேசறான்." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், உனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப நானும் ஒண்ணும் சொல்லல போ."

வெற்றிலை பாக்கு மாற்றினால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் பின்வாங்கினால் அவமானம். அந்த வெள்ளைச் சட்டை தரகனாக இருக்கலாம், பெண் வீட்டுப் பெரிய மனிதனாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தாம்பூலம் கை மாறிவிட்டது.

அரிசிப் பானைக்குப் பின்னால் செருகியிருந்த காகிதத்தை அவன் தேடிப் பிடித்ததைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அவன் வீடு. அம்மாவின் கோணல் எழுத்தில் அரிசி, துவரம் பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு மாதிரி ஒரே வரி: நாப்பது பேர்.

பெண் வீட்டில் இருபது, இந்தப் பக்கம் இருபது.

இரண்டு நாள் போனது. அம்மா சோற்றைப் போட்டாள், அவன் சாப்பிட்டான். ஒரு முறை அவன் நிமிர்ந்தபோது அவள் அவனையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். குற்றம் உள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டான். அம்மாவோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. அவள் அழுவாள், மூக்கைச் சிந்துவாள், இருபத்தெட்டாம் தேதி பந்தல் போட்டுவிடுவாள். அறுப்பதானால் அந்தப் பக்கத்தில் அறுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் பஸ்ஸில் ஏறினான். எங்கே என்று அம்மா கேட்டதற்கு "ஓ.டி." என்றான். பேன்ட் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஓ.டி.க்குப் போகிறவனை அவள் வாசலில் நின்று தெரு முனை வரைக்கும் பார்த்தாள்.

தாண்டவராயன் வீட்டில் இருந்தார். அறுபது வயது. சூளைச் சூட்டில் கறுத்த உடம்பு. மருமகனைப் பார்த்ததும் எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்க மாப்ளே. இன்னா திடீர்னு? உக்காருங்க. மரகதம், காப்பி கொண்டாம்மா."

மரகதம் தலைக்குக் குளித்திருந்தாள். கூந்தலைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து டம்ளரைக் கொடுத்தாள். "வாங்க மாமா" என்றாள். புதுப் பாவாடையா, பழையதா? அவனால் சொல்ல முடியவில்லை. இருபது வயது, டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அவள் நெற்றியும் மூக்கும் அக்காளுடையவை. அவன் டம்ளரையே பார்த்தான்.

காப்பி பாதி இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டான். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும்.

"மாமா, நேரா சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இன்னொரு கல்யாணத்துல இஷ்டம் இல்ல. மரகதம் நல்ல பொண்ணு. அதுக்கு வேற நல்ல எடமா பாருங்க. அம்மா பேசினது எனக்குத் தெரியாம பேசினது. தாம்பூலம் மாத்தினது செல்லாது."

தாண்டவராயன் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.

"மாப்ளே, நான் எப்ப உங்க வூட்டு வாசல்ல வந்து என் பொண்ண எடுத்துக்கோங்கன்னு நின்னேன்?"

"நீங்க வரல. ஆளு அனுப்பினீங்க. பைக்குல."

"பைக்குல யாரு?"

"வெள்ளச் சட்டை."

"எனக்குத் தெரிஞ்ச வெள்ளச் சட்டக்காரன் போஸ்ட் மாஸ்டரு ஒருத்தருதான். அவரு சைக்கிளு." அவர் குரல் ஏறியது. "என் மூத்தவளக் கட்டிக் குடுத்து வாரிக் குடுத்துட்டு ஒக்காந்துக்கினு கீறேன். இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள அடுத்தவள அனுப்பி வைப்பேன்னு நெனச்சிட்டீங்களா? நான் மனுசனா, மாட்டுத் தரகனா?"

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மரகதம் நிலைக்கதவில் வந்து நின்றாள்.

"மாமா, எனக்கும் உங்க மேல இஷ்டம் இல்ல" என்றாள். "யாரும் கேக்கல. நீங்க கேக்காமயே சொன்னீங்க இல்ல, அதான் நானும் சொல்லிடறேன்."

"ஏய், உள்ள போ" என்றார் அப்பா.

"போறேன். டம்ளர எடுத்துக்கினு போறேன்." காப்பி மீதி இருந்த டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

எழிலரசனுக்குக் காது இரண்டும் சுட்டன. ஒன்பது மாதத்தில் அவன் உடம்பில் ஏதோ ஒன்று சுட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

"அப்ப செங்கல் எதுக்கு அனுப்பினீங்க?"

"உங்கம்மா கேட்டாங்க, அனுப்பினேன்."

"பதினாறடிக்கு அடுப்பங்கரை. கோட்டை அடுப்பு. நாற்பது பேருக்கு சாமான் லிஸ்ட். ஆவணி இருபத்தெட்டு. இதெல்லாம் எதுக்கு?"

கிழவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அதற்குப் பதிலாக வந்தது இன்னும் மோசமாக இருந்தது. அவர் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா மாப்ளே?"

"எது?"

"நீங்க ஓசூருக்குப் போறது உங்கம்மாவுக்குத் தெரியும்."

வெளியே ஒரு செங்கல் லாரி போனது. அது போய் முடிந்ததும் தாண்டவராயன் தொடர்ந்தார்.

"உங்ககூட பஸ்ல வர்ற புள்ள ஒண்ணு கீதாமே, லோகேஷோ இன்னாவோ. படப்பை சந்தையில உங்கம்மாவப் பாத்துட்டு, 'ஓசூர் குளிருமே, ஸ்வெட்டர் வாங்கிட்டீங்களா'ன்னு கேட்டுதாம். ஆனி மாசம். அப்பறந்தான் இங்க வந்தாங்க. புள்ள போறான், சொல்லாம போறான், நான் இன்னா பண்றதுன்னு. ஒரகடத்தாண்ட புதுசா கம்பெனி கட்டறாங்க இல்ல, அதுல ஆளு வச்சி வேல வாங்கற காண்ட்ராக்டரு, தாவீதுன்னு பேரு. அவரு ஆளுங்களுக்கு மத்தியான சோறு போட எடம் தேடறாராம். நாப்பது பேருக்கு. ஆவணி இருவத்தெட்டுல இருந்து நான் ஆக்கிப் போடறேன்னு உங்கம்மா ஒத்துக்கினாங்க. ஒரு பொம்பள தனியா நின்னு பொழைக்கப் பாக்கறா. செங்கல் கூடவா குடுக்க மாட்டேன்?"

தாவீது. வெள்ளைச் சட்டை. சிரித்துக்கொண்டே பேசுகிற ஆள். அம்மாவுக்குத் தெரிந்த ஒப்பந்தம் ஒன்றுதான், தட்டில் வெற்றிலை பாக்கு. மாதா கோயிலுக்குப் போகிறவரானாலும் அவருக்கும் அதைத்தான் நீட்டியிருக்கிறாள். அவரும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"நான் பேசினது…" என்று ஆரம்பித்தான் எழிலரசன்.

"உடுங்க. சாப்ட்டுட்டுப் போங்க."

அவன் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே மரகதம் யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. அது தன்னைப் பற்றித்தான் என்று அவனுக்குத் தோன்றியது. இந்தத் தடவை அவன் சந்தேகப்பட்டது தப்பாக இருக்க வாய்ப்பில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். அளவு எல்லாம் சரியாகத்தான் எடுத்திருந்தான். பதினாறடி சரி. இருபத்திரண்டு அங்குலம் சரி. நாற்பது சரி. யாரோ தன்னைக் கட்டிப்போடப் பார்க்கிறார்கள் என்ற ஒன்றை மட்டும் அளக்காமலே எடுத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கட்டவில்லை. அவன் போய்விட்டான் என்று வைத்துக்கொண்டே அம்மா வேலையைத் தொடங்கிவிட்டாள். இது நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. அம்மா தோட்டத்தில், புது அடுப்புக்கு முன்னால் குந்தி, களிமண்ணும் சாணியும் குழைத்து வாயைச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தாள். கூரை ஏறியிருந்தது. மேஸ்திரி இல்லை.

"ஓ.டி. சீக்கிரம் முடிஞ்சிச்சா?" திரும்பாமலே கேட்டாள்.

"வாலாஜாபாத் போயிருந்தேன்."

பூசிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. "சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு. நீ ஏம்மா சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவன் அங்கே கவிழ்த்து வைத்திருந்த இரும்புச் சட்டி மேல் உட்கார்ந்தான்.

"மணியார்டர் அனுப்பியிருப்பேன்."

"அனுப்புவ. இல்லன்னு யாரு சொன்னது? அரிசி வாங்கிப்பேன். யாருக்கு ஆக்கறது?" அவள் ஒரு உருண்டை களிமண்ணை எடுத்து அப்பினாள். "அவ போனதுக்கு அப்பறம் ரெண்டு பேருக்கு ஆக்கவே எனக்குக் கை வர மாட்டேங்குது. ஒருத்திக்கு எப்பிடி ஆக்கறதுன்னு எனக்குத் தெரியாதுடா. நாப்பது பேருக்கு ஆக்கிடுவேன். அது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே சூடு தங்கியிருந்தது.

"போலீசுன்னு ஏன் பொய் சொன்ன?"

"நீ ஓ.டி.ன்னு சொல்லல?"

அவள் எழுந்து கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே அவன் எதிரில் வந்து நின்றாள். இத்தனை நாளும் அவன் நிமிரும்போதெல்லாம் விலகிப்போன அந்தக் கண் இப்போது விலகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. ஓசூர்ல யாரு?"

"யாருன்னா?"

"எவ?"

எழிலரசனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

"கம்பெனி ஆளு கேட்டா எல்லாரும் கம்முனு கீறாங்க, நீ மட்டும் கையத் தூக்கினியாம். லோகேஷ் சொல்லிச்சு. இங்க இன்னா கொற? போன மாசம் ரெண்டு சட்டை தச்ச. முடி வெட்டின. இன்னிக்கி இஸ்திரி போட்டுக்கினு கெளம்பற, கேட்டா ஓ.டி.ங்கற. அழுது பாக்கல உன்ன. சரி, ஆம்பள அழுவ மாட்டான்னு இருந்தேன். அப்பறந்தான் தோணிச்சு. வேற எடத்துல மனசு இருந்தா எப்பிடி அழுவான்?"

"அம்மா."

"மீனம்மாளும் அதான் சொல்லுது."

"சட்டை கிழிஞ்சிடுச்சி, தச்சேன்."

"ரெண்டா?"

"யாரும் இல்லம்மா. அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் போறேன்."

"யாரும் தெரியாத ஊருக்கு எவன்டா ஆசப்பட்டுப் போவான்?"

 அவளிடமும் தடயம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவன் கூட்டியபோது மரகதம் வந்து நின்ற மாதிரி.

"எப்பக் கெளம்பற?" என்றாள்.

முதல் தடவையாக அவன் வாய்விட்டுச் சொன்னான். "செப்டம்பர் இருபத்தொம்போது. ஞாயித்துக்கெழம."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஞாயித்துக்கெழம அவங்களுக்குச் சோறு கெடையாது. லீவு. நானும் கூட வர்றேன்."

"பஸ் ஸ்டாண்டுக்கா?"

"ஓசூருக்கு."

"எதுக்கும்மா? அன்னைக்கே எப்படித் திரும்புவ?"

"திரும்ப முடியலன்னா மறுநாளு மீனம்மா ஒல வைக்கும். சொல்லி வச்சிட்டேன்." அதையும் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறாள். "பெத்த புள்ள எந்த ரூமுல இருக்கப் போறான்னு பாக்க வேணாமா?"

ரூமைப் பார்ப்பதற்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கதவுக்குப் பின்னால் பார்ப்பாள். கொடியில் புடவை தொங்குகிறதா என்று பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்கிற சாக்கில் நாலு கேள்வி கேட்பாள். ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டுக்கொண்டு ஊர் திரும்புவாள். அவனைத் தெரியாத ஊர் என்று ஒன்று இனி இருக்காது.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.

"வா" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி குந்தி உட்கார்ந்து, நடு வாயில் விரிசல் கண்ட இடத்தில் களிமண்ணை வைத்துத் தேய்த்தாள். பிறகு, அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ரூமு நீயா பாத்து எடுத்ததா, இல்ல யாராச்சும் பாத்துக் குடுத்தாங்களா?"